மைக்கில் விழாத கணினி: கேபினெட் மாற்றிய பதிவு

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பி வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இயர்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்காகக் கேட்பார்கள். அவர்கள் காதில் என் குரலோடு சேர்ந்து ஒரு உறுமலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அது என் கணினியின் சத்தம். இப்போது அது போய்விட்டது. பழைய கேபினெட்டிலிருந்த பாகங்களைச் சத்தம் குறைவான புது கேபினெட்டுக்கு மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் கூடுதலாகக் கை வைத்த பிறகுதான் போனது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.

இரைச்சலை மென்பொருளிலேயே நீக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒலிப்பதிவைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் கொடுத்தால் உறுமல் போகும். ஆனால் அதிகமாகக் கொடுத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். ச, ஸ, ஷ போன்ற எழுத்துகளின் கூர்மை மழுங்கிப்போகும். பாடம் கேட்கிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். ஆகவே சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பழைய அமைப்பில் இருந்தவை இவை. ரைசன் 5 5600ஜி பிராசசர், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் ஒரு பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, விண்டோஸ் இருக்கும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, பதிவுகளைச் சேமித்து வைக்க 2 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இந்தப் பிராசசருக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. அமைதியான கணினி வேண்டும் என்பவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் இரண்டு மூன்று ஃபேன்கள் அதோடு ஒழிந்தன. கேபினெட் மட்டும் விளக்கு மினுக்கும் கண்ணாடிக் கேபினெட். முன்பக்கம் மூன்று ஃபேன். மூன்றும், பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக 12 வோல்ட் வாங்கி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். அவற்றை மெதுவாக்க எந்த வழியும் இல்லை.

பொருள் வாங்குவதற்கு முன்னால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். பதிவுக்கு வைத்திருக்கும் யூஎஸ்பி மைக்கை கேபினெட்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி, எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்தேன். மைக் எவ்வளவு சத்தத்தை வாங்க வேண்டும் என்று வைக்கும் கெயின் குமிழ் நகராமலிருக்க அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தெரு அடங்கிய பின் அரை நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்தேன். அந்தத் துண்டின் சராசரி அளவு மைனஸ் 47 டெசிபெல். இந்தக் கணக்கில் பூஜ்ஜியம்தான் உச்சம், மைனஸ் எண் கூடக் கூட அமைதி கூடும். ஆடியோபுக்குகளை ஏற்றுக்கொள்ளும் ஏசிஎக்ஸ் தளம், பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நான் அங்கே எதையும் அனுப்புவதில்லை, ஆனாலும் ஒரு எல்லைக்கோடு வேண்டுமே என்று அந்த எண்ணையே குறியாக வைத்துக்கொண்டேன். இந்த மைனஸ் கணக்கெல்லாம் என் மைக், என் கெயின் சம்பந்தப்பட்டது. இன்னொருவர் வீட்டு எண்ணோடு இதை ஒப்பிட முடியாது. என்னுடைய முந்தைய எண்ணோடு ஒப்பிடத்தான் உதவும்.

அடுத்து அதே துண்டை ஆடாசிட்டியின் ‘ப்ளாட் ஸ்பெக்ட்ரம்’ வழியாகப் பார்த்தேன். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று வரைபடமாகக் காட்டும். அதில் சில முகடுகள் துருத்திக்கொண்டு நின்றன. ஃபேனின் சத்தத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை 60ஆல் வகுத்து, இறக்கைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அதன் முக்கிய அதிர்வெண் வந்துவிடும். பிராசசரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தணிக்கும் கூலரின் ஃபேன் 2,400 சுற்றில் ஓடியது, இறக்கை ஏழு. 40 பெருக்கல் 7, அதாவது 280 ஹெர்ட்ஸ். படத்தில் அதே இடத்தில் ஒரு முகடு. முன்பக்க ஃபேன்கள் ஏறத்தாழ 1,200 சுற்று, இறக்கை ஒன்பது, ஆக 180 ஹெர்ட்ஸ். அங்கே ஒரே முகடாக இல்லாமல் நெருக்கமாக மூன்று சின்ன முகடுகள் இருந்தன. மூன்று ஃபேனும் துளித்துளி வேக வித்தியாசத்தில் ஓடுவதால் ‘வ்வூம்… வ்வூம்…’ என்று ஏறி இறங்கும் சத்தம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இதைத்தான் நாய்ஸ் ரிடக்‌ஷனால் சரியாக நீக்க முடியவில்லை, ஏனென்றால் அது நிலையாக நிற்காத சத்தம்.

இன்னொரு முகடு 120 ஹெர்ட்ஸில். ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று, நொடிக்கு 120. கணினியை அணைத்து, டிஸ்க்கின் பவர் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். அந்த முகடு காணாமல் போனது. 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் ஒன்று இருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வரும்.

பொருள் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்ததும் வரிசையாகக் கேபினெட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் வானவில் ஓடும். “சார், கண்ணாடி போட்டதுதான் சார் இப்ப ஓடுது. நீங்க கேக்கறது மூடின டப்பா. ஆர்டர் போட்டுத்தான் வரவைக்கணும்” என்றார் கடைத் தம்பி. “பரவாயில்லை தம்பி, வரவைங்க” என்று முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். நான் கேட்டது ஸ்வீடன் நாட்டு ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் 7 காம்பாக்ட், கண்ணாடி இல்லாத வகை. முன்பக்கம் கதவு மாதிரித் திறக்கும். கதவிலும் பக்கத் தகடுகளிலும் உள்புறம் கனமான ஒலித்தடுப்பு அட்டை ஒட்டியிருக்கும். மேலே போட இரண்டு மூடிகள் வரும், அடைத்த மூடி ஒன்று, காற்றுப் போகும் சல்லடை மூடி ஒன்று. முன்னால் 140 மி.மீ. ஃபேன் ஒன்று, பின்னால் 120 மி.மீ. ஃபேன் ஒன்று. என்னை இழுத்தது அந்த 140 என்ற அளவுதான். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமான காற்றைத் தள்ளிவிடும்.

அதோடு 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒற்றைக் கோபுர கூலர் ஒன்று, உயரம் 155 மி.மீ. எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத 80 பிளஸ் கோல்ட் தரம், சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை முழுக்க நிறுத்திவிடும் வகை. என் கணினி மொத்தமாக உச்ச வேலையில்கூட 120 வாட்டைத் தாண்டாது. பதிவு செய்யும்போது 40 வாட் பக்கம்தான். அப்படியென்றால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றவே வேண்டியதில்லை. 550 வாட்ஸ் எதற்கு என்று தோன்றலாம். அந்த வசதியோடு கடையில் கிடைத்ததில் சின்னது அதுதான்.

கழற்றும் வேலையில் நான் அதிகம் பயந்தது கூலரைப் பிடுங்கும் இடம். இந்தப் பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பிராசசருக்கு அடியில் 1,331 ஊசிகள். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் பழசாகிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால், கூலரை மேலே இழுக்கும்போது லீவர் பூட்டியிருக்கும் நிலையிலேயே பிராசசரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஒரு ஊசி வளைந்தாலும் போச்சு. அதனால் கழற்றுவதற்கு முன் ஒரு வீடியோவை மாற்றும் வேலையைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். பேஸ்ட் சூடேறி இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சமிருந்த மின்சாரத்தையும் வடியவிட்டு, சூடு ஆறும் முன் வேலையைத் தொடங்கினேன்.

பிராசசரோடு வந்த சின்ன கூலர் நான்கு திருகாணிகளால் மதர்போர்டின் பின்பக்கத் தகட்டோடு முடுக்கப்பட்டிருக்கும். கடைசித் திருகாணி கழன்றதும் அந்தத் தகடும் கழன்று விழுந்துவிடும், அதைப் பிடித்திருப்பது இந்தத் திருகாணிகள் மட்டும்தான். கேபினெட்டை நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றி, “அந்தப் பக்கம் ஓட்டை வழியா விரலை வச்சு அழுத்திக்கோம்மா” என்று மகளிடம் சொன்னேன். “விட்டுடலாமாப்பா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, குறுக்கு மறுக்காக ஒவ்வொரு திருகாணியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நான்கும் கழன்ற பிறகு கூலரை இழுக்கவில்லை. இடம் வலமாகச் சின்னதாகத் திருகினேன். முதலில் அசையவில்லை. நாலைந்து முறை திருகியதும் பசை விடுவது கையில் தெரிந்தது. அதன் பிறகே தூக்கினேன். பிராசசர் சாக்கெட்டிலேயே உட்கார்ந்திருந்தது. அடியில் பேஸ்ட் ஓரங்களில் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது, நடுவில் மட்டும் ஈரம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியில் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டும்.

மதர்போர்டை வெளியே எடுத்ததும், பின்பக்கப் போர்ட்டுகளைச் சுற்றி இருக்கும் மெல்லிய ஐஓ தகட்டையும் மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். என் போர்டில் அது தனித் துண்டு. பழைய கேபினெட்டோடு போய்விட்டால் தனியாகக் கிடைப்பது கஷ்டம். ஓரம் பிளேடு போல இருக்கும், கையில் துணி சுற்றிக்கொள்வது நல்லது.

புது கேபினெட்டை மேசையில் படுக்க வைத்து, டேப்பால் அளந்தேன். உயரம் ஏறத்தாழ 47 செ.மீ., ஆழம் 43 செ.மீ. மேசைக்கு அடியில் அதற்கான இடத்தை முன்பே அளந்து வைத்திருந்ததால் கவலை இல்லை. ஒலித்தடுப்பு அட்டையால் பக்கத் தகடு ஒவ்வொன்றும் நல்ல கனம். பழைய கேபினெட்டின் தகட்டை விரலால் சுண்டினால் ‘டங்’ என்று அதிரும், இது ‘தொப்’ என்று அடங்குகிறது.

மதர்போர்டு உட்காரும் ஸ்டேண்டாஃப் திருகாணிகளைப் பார்க்காமல் போர்டை வைக்கக் கூடாது. கேபினெட்டுகள் பொதுவாக முழு ஏடிஎக்ஸ் போர்டுக்குத் தோதாக அவற்றை முடுக்கி அனுப்புவார்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் மேல் இரண்டு வரிசைத் துளைகள் பொருந்தும். கீழ்வரிசை மட்டும் மேலே தள்ளி வரும். கீழே இருந்த மூன்றைக் கழற்றி, போர்டின் துளைகளுக்கு நேராக மாற்றிப் போட்டேன். துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டேண்டாஃப் நின்றால், போர்டின் அடியில் உள்ள சாலிடர் புள்ளிகளை அது தொட்டு ஷார்ட் ஆகும். தாளில் போர்டின் துளைகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்தத் தாளை கேபினெட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

புது கூலரைப் போர்டு வெளியே இருக்கும்போதே மாட்டிவிட்டேன். பின்தகடு பழையதேதான், அதன் மேல் கூலரோடு வந்த பிளாஸ்டிக் கால்களும் இரும்புப் பட்டைகளும். பேஸ்ட் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு. பரப்பிவிடவில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். திருகாணிகளை ஒரு பக்கம் முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், இரண்டு சுற்று இங்கே, இரண்டு சுற்று அங்கே என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். கூலரின் ஃபேனைப் பின்பக்க ஃபேனை நோக்கிக் காற்று போகும்படி வைத்தேன். ஃபேனின் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

போர்டை உள்ளே இறக்கும் முன், பிராசசருக்குப் போகும் 8 பின் பவர் கேபிளைப் பின்பக்கம் வழியாக இடது மேல் மூலைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். கூலர் உட்கார்ந்த பிறகு அந்த மூலையில் இரண்டு விரல்கூட நுழையாது. இதே காரணத்துக்காக மேல் மூடியையும் கழற்றி வைத்திருந்தேன். மேலிருந்து வெளிச்சமும் கையும் போகிறது, வேலை பாதியாகிறது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கேபிள்கள் தனியாகக் கழன்று வரும் எஸ்எம்பிஎஸ்ஸில், இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை ஒருபோதும் மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனையில் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முனை அழகாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும். வாழ்நாள் பதிவுகள் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்பதால் இதில் இரண்டு முறை சரிபார்த்தேன்.

முன்பக்க பட்டன்களின் குட்டி ஒயர்கள், ஆடியோ கேபிள், தடித்த யூஎஸ்பி 3 கேபிள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. யூஎஸ்பி 3 முனையை நேராகப் பார்த்து அழுத்த வேண்டும், சாய்த்தால் போர்டிலுள்ள பின் வளையும். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஒயர்களைப் பின்பக்கமாக ஓட்டி, கேபினெட்டிலேயே இருக்கும் பட்டைகளால் கட்டினேன். ஒயர் தகட்டில் தளர்வாக உரசிக்கொண்டிருந்தால் அதுவும் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் தரும்.

மின்சாரம் கொடுக்கும் முன் சுவிட்ச் போர்டில் எர்த் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். பழைய கேபினெட்டின் திருகாணியைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கும். எர்த் ஒயர் இல்லாத பிளக்கில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் அது. எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தபோது மூன்றாவது ஒயர் சுவருக்குள்ளேயே கழன்று கிடந்தது. மாட்டிய பிறகு சுர்ரென்பது நின்றது.

முதல் பட்டன் அழுத்தலிலேயே திரை வந்தது. ஆனால் எதிர்பார்த்த அமைதி வரவில்லை. காதுக்குக் காற்றின் ‘ஸ்ஸ்’ நன்றாகவே கேட்டது. கேபினெட்டோடு வந்த ஃபேன்கள் மூன்று பின் வகை. மதர்போர்டு அந்த முனைகளை நான்கு பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் முறையில், அதாவது வோல்டேஜைத் தொடாமல் சிக்னலால் வேகத்தை மாற்றும் முறையில் வைத்திருந்தது. அந்த முறையில் மூன்று பின் ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும், முழு வேகத்தில் ஓடும். விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் அந்த இரண்டு முனைகளையும் டிசி முறைக்கு மாற்றியதும் வோல்டேஜ் குறைந்து 550 சுற்றுக்கு வந்தது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஏழு எட்டு டெசிபெல் போனது. குறைந்த வோல்டேஜில் ஓட்டும்போது ஒரு சோதனை அவசியம். கணினியை முழுதாக அணைத்து, ஆறவிட்டு, மறுபடி போட்டு, ஃபேன் தானாகக் கிளம்புகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனுக்குப் போதுமான வோல்டேஜ், நின்ற ஃபேனைக் கிளப்பப் போதாமல் போகலாம்.

எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்று சொல்லும் பிராசசர் ஃபேனின் வரைகோட்டில்தான் அதிக நேரம் செலவிட்டேன். ரைசன் பிராசசர்கள் ஒரு மென்பொருளைத் திறந்தாலே சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி ஏறி, அடுத்த நொடி இறங்கிவிடும். பயாஸில் ஏற்கெனவே இருக்கும் கோடு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஃபேனை விரட்டும். நிலையான சத்தத்தைவிட இந்த ஏற்ற இறக்கம் பதிவில் அதிகமாகத் துருத்தும். அதனால் 65 டிகிரி வரை ஒரே வேகம், 650 சுற்று. அதற்கு மேல் மெதுவாக ஏறி 85 டிகிரியில் முழு வேகம். வேகம் மாறுவதற்கு முன் சில நொடி காத்திருக்கும்படி ஒரு தாமதத்தையும் கொடுத்தேன். வாசிக்கும்போது பிராசசர் 45 டிகிரி பக்கம் இருக்கும், ஆகவே ஃபேன் வேகம் அசைவதே இல்லை.

இந்த நிலையில் அளந்தால் மைனஸ் 58. பழையதைவிட 11 டெசிபெல் குறைவு, நல்ல முன்னேற்றம். 280, 180 முகடுகள் இரண்டும் தரையோடு தரையாகிவிட்டன. 120 முகடு மட்டும் கொஞ்சம் தேய்ந்து நின்றது. கேபினெட்டின் டிஸ்க் தட்டில் ரப்பர் வளையங்கள் உண்டு, அவை அதிர்வைக் குறைத்தன, அறுக்கவில்லை. காதுக்குக் கேட்காது. ஆனால் மேசைக்கால் வழியாக மைக் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருகிறது.

தையல் கடையில் அரை அங்குல எலாஸ்டிக் இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். டிஸ்க் தட்டுகள் இருக்கும் கூண்டின் துளைகளில் அதை இரண்டு வளையமாகக் கட்டி, அதில் டிஸ்க்கைத் தட்டையாகப் படுக்க வைத்தேன். எந்த இரும்பும் டிஸ்க்கைத் தொடவில்லை, ஊஞ்சலில் இருப்பது கணக்கு. சுவிட்சைப் போட்டு கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு இல்லவே இல்லை. படத்திலும் 120 முகடு மறைந்தது. இப்படித் தொங்கவிட்டால் கேபினெட்டை நகர்த்தும்போது டிஸ்க்கைக் கண்டிப்பாகக் கழற்றி வைக்க வேண்டும், ஓடும்போது மேசையை இடிக்கவும் கூடாது. இரும்புத் தட்டு வழியாகச் சூடு இறங்காது என்பதால் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டேன், 44 டிகிரிக்கு மேல் போகவில்லை. கூடவே விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பத்து நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க் நின்றுவிடும்படி வைத்துவிட்டேன். பதிவு எஸ்எஸ்டியில்தான் நடக்கிறது, முடிந்ததும் டிஸ்க்குக்கு நகல் போகும். ஆக, வாசிக்கும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

அளவு மைனஸ் 60ஐத் தொட்டது. ஆனால் 100 ஹெர்ட்ஸ் முகடு அப்படியே இருந்தது. எஸ்எம்பிஎஸ் புதியது, அதன் ஃபேன் சுற்றவே இல்லை, அப்படியிருந்தும். கணினியையே அணைத்துவிட்டு, மைக்கை லேப்டாப்பில் மாட்டிப் பதிவு செய்தேன். அப்போதும் இருந்தது! நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை இழுபட்டு அதிரும், அதனால் அதன் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். அறையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளது மேசைக்கு அடியில் இருந்த யூபிஎஸ்தான். அதைத் தூக்கி அறைக்கு வெளியே வைத்து, கேபிளைக் கதவிடுக்கு வழியாக எடுத்தேன். அளவு மைனஸ் 63. இதற்குச் செலவு ஒரு நீளமான பவர் கேபிள் மட்டும்.

இனி எனக்கு முக்கியமாகப் பட்ட சோதனை. எல்லாம் முடிந்த பிறகு, ஒலித்தடுப்பு அட்டை ஒட்டிய இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றி வைத்துவிட்டு அளந்தேன். மைனஸ் 61. அதாவது அவ்வளவு கனமான தகடுகள் தந்தது இரண்டு டெசிபெல். முன்கதவைத் திறந்து வைத்தால் ஒரு டெசிபெல்கூட மாறவில்லை. மிச்சமெல்லாம் வந்தது மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன்களாலும், தொங்கும் டிஸ்க்காலும், வெளியே போன யூபிஎஸ்ஸாலும்தான். சத்தத்தை அடைத்து வைப்பதைவிட அது பிறக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் பலன் அதிகம் என்று இந்த எண்களைப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்வேன். அட்டைக்கு இன்னொரு பயன் உண்டு, தகட்டின் கனம் கூடுவதால் அது அதிராது. பழைய கேபினெட்டின் கண்ணாடி லேசாகத் தளர்ந்து டிஸ்க்கோடு சேர்ந்து ரீங்கரித்ததை நினைத்தால் அதுவும் சின்ன விஷயம் இல்லை.

சென்னைக்கு வெப்பம் பற்றிச் சொல்லாமல் முடியாது. பதிவின்போது சீலிங் ஃபேன் இருக்காது, ஏசி இருக்காது, அறை 33 டிகிரி. பிராசசருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பழைய அமைப்பில் பிராசசர் 84 டிகிரி போயிருந்தது. புதியதில் கதவு மூடி, மேல் மூடியும் அடைத்தது போட்டு, 71. கதவைத் திறந்தால் 68. இந்தப் பிராசசரின் எல்லை 95 டிகிரி என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பயாஸில் 45 வாட்டுக்குக் கட்டுப்படுத்தும் வசதி இந்த 5600ஜியில் இருக்கிறது, அதையும் போட்டுப் பார்த்தேன். 62 டிகிரிக்கு இறங்கியது. ஒரு மணி நேரப் பதிவை எம்பி3யாக மாற்ற ஆகும் நேரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

செலவு: கேபினெட் 11,800 ரூபாய், எஸ்எம்பிஎஸ் 6,900, கூலர் 2,450, தெர்மல் பேஸ்ட் 550, ஆல்கஹால் 150, நீளமான பவர் கேபிள் 350, எலாஸ்டிக் 40. எலக்ட்ரீஷியனுக்கு 300. மொத்தம் 22,540. பழைய கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் தெரிந்த பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுபடி செய்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதலில் யூபிஎஸ்ஸை வெளியே வைப்பது, டிஸ்க்கைத் தொங்கவிடுவது, கூலரை மாற்றுவது. பழைய கேபினெட்டிலேயே முன்பக்கம் ஒரே ஒரு நல்ல ஃபேனைப் போட்டு, மதர்போர்டிலிருந்து வேகத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்திருக்கலாம். இதெல்லாம் நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கும், மைனஸ் 58 வரையாவது கொண்டுவந்திருக்கும் என்று நினைக்கிறேன். காசை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். அதற்கும் மேல் வேண்டும் என்றால் கேபினெட் பக்கம் போகலாம். எனக்கு இந்தக் கேபினெட்டில் வருத்தம் இல்லை, காரணம் தூசி வடிகட்டிகள். எங்கள் தெருவில் மெட்ரோ வேலை நடக்கிறது. முன்பக்க வடிகட்டியை உருவி எடுத்தால் மஞ்சள் தூசி கம்பளி மாதிரி உரிந்து வருகிறது. பழையதில் அவ்வளவும் கூலரின் இடுக்குகளுக்குள் போய் அடைத்து, ஃபேனை இன்னும் வேகமாக ஓட வைத்துக்கொண்டிருந்தது. இப்போது குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் உலர்த்தி, திரும்பச் செருகிவிடுகிறேன்.

அறை 36 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் மேலே சல்லடை மூடியைப் போட்டு, வெப்பத்தையும் சத்தத்தையும் சேர்த்து ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் குறைந்து, அளவு மைனஸ் 60க்குக் கீழேயே நின்றால், அடைத்த மூடி மழைக்காலம் வரை பரணுக்குப் போய்விடும்.